தகட்டைத் தின்னும் ஈரம்

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை ஊர்களில் மீனும் இறாலும் ஏற்றிக்கொண்டு, ஆரம்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறும் ‘குட்டி யானை’ சரக்கு வண்டிகளில் பழையதாக ஒன்றைப் பாருங்கள். பின்தட்டின் நடுப்பகுதி தேய்ந்திருக்கும், கீறல் விழுந்திருக்கும். ஆனாலும் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும். அதே தட்டு பக்கக் கதவோடு சேரும் மூலைக்கு வாருங்கள். ஐஸ் உருகி வழிந்த மீன்தண்ணீர் நின்று வற்றும் இடம் அது. அங்கே தகடு அடுக்கடுக்காகப் பிரிந்து, விரல் நகம் பட்டாலே உதிரும். இரண்டும் ஒரே தகடு, ஒரே பெயின்ட், ஒரே வயது. நடுவில் அரை அடி தூரம்தான்.

பழைய வண்டியின் உடலைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த அரை அடி வித்தியாசத்தை. நனைந்த தகடு சீக்கிரம் காய்ந்துவிட்டால் பெரிய சேதம் இல்லை. காயாமல் கிடந்தால்தான் கேடு. ஓர் ஊரின் காற்று இரும்பை எவ்வளவு அரிக்கும் என்று கணக்கிடும் ஆய்வாளர்களும், பெய்த மழையைவிட, உலோகத்தின் மேல் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஈரம் தங்குகிறது என்பதையே கவனிக்கிறார்கள். துருவின் மேல் பட்டி பூசி பெயின்ட் அடித்த வேலை அடுத்த மழைக்காலத்திலேயே கொப்புளித்துவிடுவதற்கும் காரணம் இதுதான். ஈரம் தங்கும் வழியை யாரும் அடைக்கவில்லை.

மூன்று எதிரிகள் கூடும் ஊர்

கும்மிடிப்பூண்டி வட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவும் வங்கக் கடலும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள். இன்னும் தெற்கே அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி எரிக்கும் அனல் மின்நிலையங்கள். உப்பு, ஈரம், புகை மூன்றும் ஒரே வட்டாரத்தில் சந்திக்கின்றன. இங்கே ஒரு வண்டி பத்து வருஷம் ஓடுவதும், சேலத்திலோ ஓசூரிலோ பத்து வருஷம் ஓடுவதும் தகட்டைப் பொறுத்தவரை ஒன்றல்ல.

காற்றின் அரிக்கும் தன்மையைத் தரம் பிரிக்க ஒரு சர்வதேச அளவுகோல் உண்டு. அதில் மிகக் கடுமையான காற்று என்று வகுக்கப்பட்ட இடங்களில், பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை கரைகிறது. கார் கதவின் வெளித்தகடு ஏறக்குறைய 800 மைக்ரான், அதாவது 0.8 மில்லிமீட்டர்தான். பூச்சு போன இடத்தில் ஒரே ஆண்டில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குவரை போய்விடலாம் என்று பொருள். இது தகடு முழுக்கச் சீராகக் கரையும் கணக்கு. துரு குழி பறித்து இறங்கினால் ஓட்டை விழ அவ்வளவு காலம்கூட ஆகாது.

ஒரு துளிக்குள் ஒரு மின்கலம்

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் தலைக்கு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, அயனிகளாகத் தண்ணீரில் இறங்குகின்றன. விடப்பட்ட எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி, வேறோர் இடத்தில் காற்றின் ஆக்சிஜனையும் தண்ணீரையும் ஹைட்ராக்சைடாக மாற்றுகின்றன. முதல் இடம் நேர்மின்வாய், இரண்டாவது எதிர்மின்வாய். இரண்டுக்கும் நடுவே அயனிகள் நகர்வதற்கு ஈரம் வேண்டும். ஈரம் வற்றினால் சுற்று அறுந்து, வினை நின்றுவிடும்.

கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த யூலிக் எவன்ஸ் 1920களில் இதை ஒரே துளியில் காட்டினார். மெருகேற்றிய இரும்பின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் இரும்பு கரைந்தால் நீலமாகவும், ஹைட்ராக்சைடு உண்டானால் இளஞ்சிவப்பாகவும் மாறும் வேதிப்பொருள்கள். சற்று நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகவும், ஓரம் இளஞ்சிவப்பாகவும் ஆயின. இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படிந்தது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. துளியின் ஓரத்தில் ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. கரைவதோ நடுப்பகுதி. காற்று நன்றாகப் படும் இடம் தப்பிக்க, காற்றுப் புகாத ஈர இடம் அரிக்கப்படுகிறது. கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங்கின் அடி, கதவின் மடிப்பு, மட்கார்டுக்குள் அப்பிய சேறு, ஃப்ளோர் மேட்டின் கீழ்ப்பக்கம் என்று துரு எப்போதும் ஒளிவிடங்களிலேயே தொடங்குவது இதனால்தான்.

கதவை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். அது தெரிந்தேதான் வடிவமைக்கிறார்கள். உள்ளே இறங்கிய தண்ணீர், கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். தூசியும் இலைச் சருகும் சேர்ந்து அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால், வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தப்பட்ட விளிம்பில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். வெளியே ஒரு சிறு கொப்புளம் கண்ணில் படும்போது, உள்ளே தகடு முக்கால்வாசி போயிருக்கும்.

உப்பு ஏன் இத்தனை பொல்லாதது

உப்பு மூன்று வேலை செய்கிறது. முதலாவது, தண்ணீரில் மின்சாரம் பாய்வதை எளிதாக்கித் துருவின் மின்கலத்தை வேகப்படுத்துகிறது. இரண்டாவது, அதிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் இயல்பாகப் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைக்கிறது. மூன்றாவது வேலைதான் நம் கடற்கரைக்கு மிக முக்கியம்: அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்த்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். நம் கரையோர இரவுகளில் ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது சாதாரணம். மழையே பெய்யாவிட்டாலும், உப்பு படிந்த தகடு இரவு முழுக்க நனைந்தே கிடக்கிறது.

ஆலைக் காற்று இதோடு சேருகிறது. நிலக்கரி எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு, தகட்டின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி இரும்பைக் கரைக்கிறது. இரும்பு சல்பேட் உண்டாகிறது. அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து துருவாகும்போது அமிலம் திரும்பவும் விடுபடுகிறது. கொஞ்சம் அமிலம் மீண்டும் மீண்டும் வேலை செய்கிறது. இரும்பு ஆலைகளின் அருகில் நிற்கும் வெள்ளை வண்டிகளில் காணும் ஆரஞ்சுப் புள்ளிகள் வேறு வகை. காற்றில் வரும் நுண்ணிய இரும்புத் துகள் பெயின்ட்டில் பதிந்து, தானே துருப்பிடிக்கும் அடையாளம் அது. களிமண் பட்டையால் தேய்த்து அந்தத் துகளை எடுத்துவிட்டால் அடியில் தகடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவசரப்பட்டு பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம்.

பெயின்ட்டுக்கு அடியில் நடப்பதும் கவனிக்கத்தக்கது. ஒரு கீறல் விழுந்தால், துரு கீறலோடு நிற்காமல் சுற்றிலும் பரவுவதைப் பார்க்கிறோம். எதிர்மின்வாயில் உண்டாகும் ஹைட்ராக்சைடு கடும் காரம். பழைய வண்டிகளில் அடித்த எண்ணெய் சார்ந்த பெயின்ட்டைக் காரம் தாக்கினால் அது சோப்பாக மாறிப் பிடிப்பை இழக்கிறது. நன்றாக இருப்பதுபோல் தெரியும் பெயின்ட் தகட்டை விட்டுக் கழன்று, அந்த இடைவெளியில் ஈரம் முன்னேறுகிறது. உண்டாகும் துருவோ கரைந்த இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்குவரை இடம் பிடிப்பது. அது பூச்சைத் தூக்கி, மடிப்புகளைப் பிளந்து, புதிய ஈரத்துக்கு வழி திறக்கிறது.

கழுவும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை

உப்பைக் கழுவிவிடுங்கள் என்று சொல்வது சுலபம். எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பதுதான் திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தின் கேள்வி. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. பிறகு அது பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் நகர்ந்தது. கரையோரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அந்தத் தண்ணீரில் தினமும் வண்டியைக் கழுவி வெயிலில் காயவிடுகிறவர், தினமும் ஒரு படலம் உப்பைப் பூசுகிறார்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வண்டி கழுவப் பிடித்துவைக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் கூடியிருக்கிறது. அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு மொட்டைமாடியில் பிடித்த மழைநீர் மேலானது. குறைந்தபட்சம் கடைசி அலசலாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். அடிப்பாகம், மட்கார்டின் உட்புறம், மீன்தண்ணீர் தேங்கும் மூலை ஆகியவை கூரையைவிட அதிகக் கவனம் கேட்கும் இடங்கள்.

பட்டறையில் வேலையின் வரிசை

துரு வேலை பெரும்பாலும் தோற்பது பொருள் மட்டமாக இருப்பதால் அல்ல, வரிசை மாறுவதால். முதல் வேலை, துரு எதுவரை போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பிடிப்பு விட்டுப்போகும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கும் இது நல்ல சோதனை. கொப்புளம் உள்ள இடத்தை ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திப் பார்த்தால் உள்ளே போகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஓட்டை விழுந்த தகட்டுக்கு மருந்து கிடையாது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, புதிய தகட்டைப் பேட்ச் வைத்து வெல்டிங் செய்வது ஒன்றே வழி. பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருந்தால் கழற்றிவிட்டுத்தான் நெருப்பு வைக்க வேண்டும். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். பழைய தகட்டின் மேல் பேட்ச் படிந்து நிற்கும் வேலை எளிது. ஆனால் இரு தகடுகளுக்கு இடையே காற்றுப் புகாத ஓர் இடுக்கை அது உண்டாக்குகிறது. எவன்ஸின் துளி சொன்ன ஆபத்து அங்கே காத்திருக்கிறது. விளிம்புக்கு விளிம்பு சேர்த்து வைப்பது சிறந்தது. முடியாவிட்டால் விளிம்பை சீலன்ட் போட்டு முழுக்க அடைக்க வேண்டும். வெல்டிங்கின் சூட்டில் மறுபக்கத்துப் பெயின்ட் எரிந்துபோயிருக்கும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வெளியே பளபளக்கும் பேட்ச் உள்ளிருந்து துருப்பிடிப்பது அந்த மறதியால்.

ஓட்டை விழாத இடத்தில் கிரைண்டரும் கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும். ஆனால் பழுப்பு போய்விட்டது என்பதால் உப்பு போய்விட்டது என்று கொள்ளக் கூடாது. குளோரைடு துருக் குழிகளின் அடியில் ஒளிந்திருக்கும். தேய்த்த இடத்தை நல்ல தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் குழிகளில் மட்டும் கரும்புள்ளியோ ஈரக் கசிவோ தெரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி தேய்த்து, மறுபடி அலச வேண்டும். துருவைக் கரைக்கக் குளியலறை ஆசிட் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை எடுத்துவிட்டு, குளோரைடை மடிப்புகளுக்குள் விட்டுச்செல்லும்.

தேய்த்த தகட்டை ஆறப்போடக் கூடாது. காற்று காய்ந்த நேரம் பார்த்துக் கடைசியாக ஒரு தடவை தேய்த்து, சில மணி நேரத்துக்குள் எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். பனித்துளி படியும் வெப்பநிலையைவிடத் தகடு 3 டிகிரி செல்சியஸாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் பொது விதி. நம் ஊரில் வெயில் ஏறிய முற்பகல் முதல் மாலை சாயும்வரை உள்ள நேரம் இதற்கு ஏற்றது. மழை மூட்டத்தில் வேண்டாம். அதன் பிறகே பட்டி, பிறகு மேல் பிரைமர், பிறகு பெயின்ட். வெறும் தகட்டின் மேல் பட்டி போடுவதுதான் பட்டறைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பட்டி கடற்பஞ்சு போல ஈரத்தை இழுத்துத் தகட்டோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். பட்டி வடிவம் தருவதற்கு. காவல் தருவது பிரைமர்.

வேலை செய்கிறவரின் உடம்பும் முக்கியம். பழைய பெயின்ட்டில் ஈயமும், பழைய பிரைமர்களில் நச்சான குரோமேட்டும் இருக்கக்கூடும். வறட்டுத் தேய்ப்பில் பறக்கும் தூள் நுரையீரலுக்குப் போகும். வாட்டர் பேப்பரால் ஈரத்தில் தேய்ப்பதும், நல்ல முகக்கவசமும் பட்டறைப் பையன்களுக்குக் கிடைக்க வேண்டிய உரிமை.

கடுக்காயும் டெல்லித் தூணும்

முழுக்கத் தேய்க்க முடியாத குழிகளுக்குத் துரு மாற்றி என்ற திரவம் கடைகளில் கிடைக்கிறது. பெரும்பாலானவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இரண்டுமோ இருக்கும். டானிக் அமிலம் நம் கடுக்காயில் ஏராளமாக உள்ள டானின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரும்போடு சேர்ந்தால் கருநீலமான, கரையாத சேர்மமாகிறது. அந்தக் காலத்தில் கடுக்காயிலிருந்து மை தயாரித்ததும் இதே வினையால்தான். அகழ்வாய்வில் கிடைக்கும் இரும்புப் பொருள்களைப் பாதுகாப்பவர்களும் டானிக் அமிலம் பூசுகிறார்கள்.

பாஸ்பேட்டின் வலிமைக்கு டெல்லி இரும்புத் தூண் சாட்சி. 1,600 ஆண்டுகளாகத் திறந்தவெளியில் நிற்கும் அதன் ரகசியத்தை ஆராய்ந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்றும், நனைந்து காயும் சுழற்சிகளில் இரும்பு பாஸ்பேட் படலம் ஒன்று உருவாகி மேற்பரப்பைக் காக்கிறது என்றும் அவர் விளக்கினார். டெல்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை நிற்கிறது. துரு மாற்றி இதே வேதியியலைச் சிறு அளவில் செய்கிறது. ஆனால் செதிலாக உரியும் துருவின் மேல் ஊற்றினால் பயனில்லை. ஒட்டிப்பிடித்த மெல்லிய துருவுக்குத்தான் அது. பூசியபின் அதன் மேல் பிரைமர் கட்டாயம்.

துத்தநாகம் வேறு வழியில் காக்கிறது. இரும்பைவிட அது எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். இரண்டும் ஒட்டியிருந்தால் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் காவல் காக்கும். பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் 1837இல் இந்தப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். கார் உடலுக்கு அது வந்தது வெகுகாலம் கழித்து. போர்ஷே நிறுவனம் 1970களின் நடுவில்தான் முழு உடலுக்கும் துத்தநாகப் பூச்சுத் தகட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. நம் அம்பாசடர், பத்மினி தலைமுறை வண்டிகளை வைத்திருப்பவர், பேட்ச் வைக்கும் தகட்டுக்காவது துத்தநாகம் செறிந்த பிரைமர் அடித்துக்கொள்ளலாம். அது வெறும் இரும்பை நேராகத் தொட வேண்டும். பட்டியின் மேலோ பழைய பெயின்ட்டின் மேலோ அடித்தால் காவல் இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்

அக்டோபரில் மழை பிடிப்பதற்கு முன், செப்டம்பர் மாதத்தில் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். கதவுகளின் அடியிலும், படிக்கட்டுப் பட்டையின் அடியிலும் உள்ள வடிகால் ஓட்டைகளை மெல்லிய கம்பியால் திறந்துவிடுங்கள். பானட்டின் பின்புறம், வைப்பருக்குக் கீழே சேர்ந்த சருகை அள்ளுங்கள். ஃப்ளோர் மேட்டைத் தூக்கி, அடியில் ஈரம் இருந்தால் வெயிலில் காயப்போடுங்கள். கல் பட்டுத் தெறித்த இடங்களுக்கு அன்றே பிரைமரும் டச்சப்பும் வையுங்கள். கதவுக்குள்ளும் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் மெழுகுத் திரவத்தை ஸ்ப்ரே செய்தால் அது இடுக்குகளில் ஊறி ஈரத்தைத் தடுக்கும். ஸ்ப்ரே செய்தபின் ஓட்டைகள் அடைபடவில்லையே என்று மறுபடி பார்த்துவிடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பாகத்தில் அடிக்கும் வழக்கம் உண்டு. எண்ணெய்ப் படலம் கொஞ்ச காலம் காக்கும் என்பது உண்மை. ஆனால் எரிபொருள் எரிந்து உண்டான அமிலக் கழிவும் அதில் இருக்கிறது. அது ரப்பரைக் கெடுக்கும், சொட்டி மண்ணையும் ஏரித் தண்ணீரையும் கெடுக்கும்.

நனைந்த வண்டியைத் தார்ப்பாயால் இறுக மூடாதீர்கள். காற்றோட்டமில்லாத ஷெட்டைவிட, நாலாபுறமும் திறந்த கூரையடி மேல். மீன் ஏற்றும் வண்டிக்கு, ஐஸ் தண்ணீர் தகட்டைத் தொடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டும், சரக்கு இறக்கியதும் ஓர் அலசலும் இருந்தால் தட்டின் ஆயுள் கூடிவிடும்.

பதிவு செய்து 15 ஆண்டுகள் ஆன தனியார் காரை, தகுதி பார்த்து மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. இன்ஜின் சீராக ஓடும் வண்டிகள் பல, உடல் உளுத்துப்போனதால் மட்டுமே காயலான் கடைக்குப் போகின்றன. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி உலைகளுக்குப் போய் மறுபடி கம்பியாகும் இரும்பு கொஞ்சம் ஆறுதல் தரலாம். ஆனால் துருத்தூளாகச் சாலையோரம் உதிர்ந்தது எந்த உலைக்கும் திரும்புவதில்லை. உலகம் முழுக்க அரிமானத்தால் ஆண்டுக்கு 2.5 லட்சம் கோடி டாலர் இழப்பு என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தப் பெருந்தொகையில் நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் பங்கைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. பெயின்ட்டின் பளபளப்புக்குச் செலவழிப்பதற்கு முன், ஈரம் எங்கே தங்குகிறது என்று குனிந்து பார்த்து அதற்கு வழி திறந்துவிடுபவரின் வண்டி, உப்புக் காற்றிலும் பல ஆண்டுகள் கூடுதலாக ஓடும்.